ஒழுகும் பிளாஸ்க்

"நீ இங்கயே நில்லுக்கா. என்ன ஆனாலும் உள்ள வந்துடாத," என்றான் தம்பி, பாத்திரக் கடை வாசலில். கையில் ஒழுகும் பிளாஸ்க், சட்டைப் பையில் பில்.

"சரிடா. மருந்து அடிச்சியா?"

"ரெண்டு மூக்குலயும் அடிச்சாச்சு. நீதான் பக்கத்துலயே காவல் நின்னியே!"

மனச்சிதைவு நோய்க்கு ஒன்பது வருடமாக மாத்திரை சாப்பிடுகிறான். காதில் கேட்ட குரல்கள் அடங்கிவிட்டன. ஆனால் மனிதர்களோடு பேசும் பழக்கம் விட்டுப்போயிற்று. யார் பேசினாலும் அவர்கள் செருப்பைத்தான் பார்ப்பான். அதற்காகத்தான் மூன்று மாதமாக மூக்கில் அடிக்கும் இந்த ஹார்மோன் மருந்தும், கூடவே பேச்சுப் பயிற்சியும். "மருந்து துணைக்குத்தான். பேச வேண்டியது நீங்க," என்று டாக்டர் கறாராகச் சொல்லியிருந்தார். இன்று கடைசி வீட்டுப்பாடம்: வாங்கிய பொருளைத் தனியாகப் போய்க் கடையில் மாற்றி வர வேண்டும். தேறினால் திங்கட்கிழமை அச்சகத்தில் வேலைக்குச் சேரலாம்.

அக்காவுக்குத்தான் பயம். நாலு வருடத்துக்கு முன்பு பஸ்ஸில் கண்டக்டர் அதட்டினார் என்று அறைக்குள் முடங்கியவன், பதினோரு மாதம் வெளியே வரவில்லை. இந்தக் கடைக்காரரோ ஊரறிந்த முசுடு. அதனால் நேற்றே தனியாக வந்து, காலில் விழாத குறையாகக் கெஞ்சிவிட்டுப் போயிருந்தாள்.

"மனசுக்கு வைத்தியம் பார்த்துக்கிட்டு இருக்கான்ங்க. அதட்டிடாதீங்க. சிரிச்ச முகமா மாத்திக் குடுத்துடுங்க." அவரும் தலையாட்டினார்.

தம்பி உள்ளே போய்த் தணிந்த குரலில் ஏதோ சொன்னான். வாசலில் அடுக்கியிருந்த பிளாஸ்டிக் வாளிகளுக்குப் பின்னால் நின்றவளுக்கு அது கேட்கவில்லை. கடைக்காரர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு அவர் போட்ட சத்தம் தெருக்கோடி வரை கேட்டது.

"கீழ போட்டுட்டு வந்து கதை விடுறியா? வித்ததையெல்லாம் திரும்ப வாங்கினா நான் கடையை மூடிட்டுத்தான் போகணும். கிளம்பு, கிளம்பு!"

'அடப் பாவி மனுஷா!' ஓடிப்போய்த் தம்பியை இழுத்து வந்துவிடலாமா? வாளி ஒன்றை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

தம்பி செருப்பைப் பார்க்கவில்லை. கடைக்காரரின் முகத்தையே பார்த்தான்.

"கீழ போடலைங்க. மூடிதான் சரியில்லை. தண்ணி ஊத்திக் காட்டவா?"

"பெரிய இவரு! ஊத்து, பார்ப்போம்."

ஊற்றி மூடிக் கவிழ்த்தான். மேசை நனைந்தது, பில் புத்தகம் நனைந்தது.

"துணி குடுங்க, துடைச்சுடறேன். ஆனா வேற பிளாஸ்க் வாங்காம போகமாட்டேன்."

கடைக்காரர் முணுமுணுத்துக்கொண்டே புதிது ஒன்றை எடுத்து வைத்தார். அதிலும் தண்ணீர் ஊற்றிக் கவிழ்த்துப் பார்த்த பிறகுதான் தம்பி நகர்ந்தான்.

வெளியே வந்தவனுக்கு முகமெல்லாம் வியர்வை, வாயெல்லாம் பல். "முடிச்சுட்டேன்க்கா!"

அவளுக்குச் சந்தோஷத்தைவிட ஆத்திரம்தான் முந்திக்கொண்டு வந்தது. அவனை பஸ் நிறுத்தத்துக்கு அனுப்பிவிட்டுக் கடைக்குள் பாய்ந்தாள்.

"நீங்கல்லாம் ஒரு மனுஷனா? அவ்வளவு தூரம் சொல்லிட்டுப் போனேனே! சரின்னு தலையாட்டினீங்களே!"

கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார்.

"சிரிச்ச முகமாத்தாம்மா உட்கார்ந்திருந்தேன். உங்க தம்பிதான் வந்ததும் வராததுமா, 'அக்கா உங்ககிட்ட வந்து சொல்லியிருக்கான்னு அவ மூஞ்சியிலயே தெரியுது. மத்தவங்களை எப்படித் திட்டுவீங்களோ, அப்படியே என்னையும் திட்டுங்க'ன்னு கேட்டுக்கிட்டார்."