இன்று முதல்

“இந்தப் பத்திரத்துல நான் சாட்சிக் கையெழுத்துப் போட மாட்டேன். வேற ஆளைப் பாருங்க.”

பத்திர எழுத்தரம்மா இப்படிச் சொன்னதும், பக்கத்து மேஜையில் டைப் அடித்துக்கொண்டிருந்த புதுப் பெண்ணின் விரல்கள் அப்படியே நின்றன. வேலைக்குச் சேர்ந்து நாலு நாள்தான் ஆகிறது. அதற்குள் வந்த கட்சிக்காரரை விரட்டுகிற காட்சியா?

எதிரே நின்றவருக்கு நாற்பது வயது இருக்கும். தன் அம்மாவின் வீட்டைத் தன் பெயருக்கு மாற்றும் தானப் பத்திரத்தை எங்கேயோ அடித்து எடுத்து வந்திருந்தார். பெஞ்சில் காத்திருந்த நாலைந்து பேருக்கு நடுவே அந்த அம்மா, கையில் பேனாவும் சிரித்த முகமுமாக உட்கார்ந்திருந்தார்.

“ஏன் போட மாட்ட? மூணு மணிக்குப் பதிவு ஆபீஸ்ல டோக்கன். இப்பப் போய் சட்டம் பேசுறியே!” என்றார் மகன்.

டைப்பிஸ்டுக்குச் சுருக்கென்றது. ஏதாவது குறை கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பிக்கொண்டே இருப்பதால் தரகர்கள் எழுத்தரம்மாவுக்கு ‘மறுபடி வா’ என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்கள்தான். ஆனால் அந்தத் தரகர்களே நேரில் பார்த்தால் எழுந்து நிற்பார்கள். இவர் என்னடாவென்றால், வந்ததும் வராததுமாக ஒருமையில் பேசுகிறாரே!

எழுத்தரம்மா முகம் சுளிக்கவில்லை. “நான் போடக் கூடாதுங்க. ஏன்னு உங்களுக்கே தெரியும். அது கிடக்கட்டும். அம்மா இதைப் படிச்சாங்களா?”

“வீட்லயே எல்லாம் சொல்லிட்டேன். மாடி கட்டணும், பேங்க்ல லோன் கேட்டிருக்கேன். வீடு என் பேர்ல இருந்தாத்தான் குடுப்பாங்க.”

“சொன்னீங்க சரி. படிச்சுக் காட்டினீங்களா?”

அவர் வாட்சைப் பார்த்தார். பெஞ்சிலிருந்து அம்மாவே பதில் சொன்னார். “கண்ணாடியை மறந்து வச்சுட்டு வந்துட்டேன். பெத்த பிள்ளைதானே, தப்பாவா எழுதிடப் போறான்?”

எழுத்தரம்மா பத்திரத்தை எடுத்து டைப்பிஸ்டிடம் நீட்டினார். “அம்மாவை உள் ரூமுக்குக் கூட்டிட்டுப் போ. கதவைச் சாத்திக்கோ. மொத வரியிலேர்ந்து கடைசி வரி வரைக்கும் நிதானமாப் படி. கையெழுத்துப் போடுங்கன்னும் சொல்லாத, போடாதீங்கன்னும் சொல்லாத.”

“நானாம்மா? நீங்க படிச்சா…”

“நான் படிச்சா சரி வராது. போ.”

ஏன் சரி வராது என்று கேட்க அவளுக்குத் துணிச்சல் இல்லை. முன்பு வேலை பார்த்த இடத்தில் இந்த வம்பே கிடையாது. சொத்தை எழுதிக் கொடுப்பவர் பஸ்ஸில் வந்துகொண்டிருக்கும்போதே சாட்சிகள் கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போயிருப்பார்கள்.

உள்ளே கதவைச் சாத்திக்கொண்டு படித்தாள். கதவு எண், நான்கு எல்லை, அளவு என்று எல்லாவற்றுக்கும் அந்த அம்மா ‘ம்’ கொட்டிக்கொண்டே வந்தார். மூன்றாம் பக்கம் திரும்பியது.

“‘மேற்படி வீட்டை இன்று முதல் என் மகனே சர்வ சுதந்திரமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது. இன்று முதல் அதில் எனக்கு யாதொரு உரிமையும் இல்லை. இதை நான் எக்காலத்திலும் ரத்து செய்யக் கூடாது…’”

“இரும்மா, இரு. இன்னைக்கேவா? எனக்குப் பிறகுன்னுல்ல சொன்னான்!”

“‘இன்று முதல்’னுதாம்மா இருக்கு.”

“அப்ப, முன் ரூம்ல என் தையல் மெஷின் ரெண்டு கிடக்கே? அதை வெளிய எடுன்னு அவன் சொன்னா?”

பதில் டைப்பிஸ்டின் நுனி நாக்கு வரை வந்துவிட்டது. எழுத்தரம்மா சொன்னது நினைவுக்கு வர, அதை விழுங்கிக்கொண்டு அதே வரிகளை மறுபடி நிறுத்தி நிதானமாகப் படித்தாள். அந்த அம்மா கடைசிச் சொல் வரை கேட்டார். பிறகு பேனாவை மூடினார்.

“ராப்பகலா தைச்சுக் கட்டின வீடும்மா. எனக்குப் பிறகு அவனுக்குத்தான், அதுல மாத்தம் இல்ல. இன்னைக்கு முடியாது.”

வெளியே வரும்போது டைப்பிஸ்டுக்குத் தலை கொஞ்சம் நிமிர்ந்திருந்தது. இதுவரை ஆயிரம் பத்திரமாவது அடித்திருப்பாள். உரியவர் காதில் ஒரு பத்திரத்தை முழுதாகப் போட்டது இதுதான் முதல் தடவை. பெருமையாக இருந்தது.

அம்மாவின் முடிவைக் கேட்ட மகனுக்குக் கோபம் தலைக்கேறியது. ஆனால் பாய்ந்தது எழுத்தரம்மா மேல்.

“நீ வாயை மூடிட்டு இருந்திருந்தா இந்நேரம் வேலை முடிஞ்சிருக்கும்! அடுத்த தெருவுல பத்தே நிமிஷத்துல முடிச்சுக் குடுப்பான்.”

“தாராளமாப் போங்க. அங்கயும் அம்மாவுக்குப் படிச்சுக் காட்டச் சொல்லுங்க. கேட்டுட்டு அவங்க போட்டா நான் ஏங்க தடுக்கப் போறேன்? கேக்காம போடுறதைக் கண்ணால பாத்துட்டு என்னால சும்மா இருக்க முடியாது.”

“நஷ்டம் யாருக்குன்னு நல்லா யோசிச்சுப் பாரு!” பத்திரத்தைச் சுருட்டிக்கொண்டு விறுவிறுவென்று படியிறங்கிப் போய்விட்டார்.

எழுத்தரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்த பிறகும் மாட்டிக்கொள்ளாமல் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். டைப்பிஸ்டுக்கு மனசு கேட்கவில்லை.

“போனா போறார்மா. ஒரு கட்சிக்காரர் போயிட்டா நமக்கு என்ன குடியா முழுகிடும்?”

“கட்சிக்காரரா?” அந்த அம்மாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. எழுத்தரம்மாவின் தோளில் கையைப் போட்டு, பெஞ்சில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி சொன்னார்.

“அந்த வீடு இன்னைக்குக் கைமாறியிருந்தா சாவிக்கொத்து இவ இடுப்புக்குத்தான் வந்திருக்கும். கோவிச்சுக்கிட்டுப் போறவன் இவ புருஷன். இவ என் மருமக!”