கொக்கு சார் கேட்ட கேள்வி

ஆமைக் குளத்துப் பள்ளிக்குப் புதிதாக வந்த கொக்கு சார், பயிற்சிப் பள்ளியில் முதல் மாணவராகத் தேறியவர். கேள்வி கேட்ட நொடியில் பதில் வர வேண்டும் என்பது அவர் கற்று வந்த பாடம்.

"மழை எங்கிருந்து வருது?" என்று கேட்டார்.

ஆமைக் குஞ்சுகள் அத்தனையும் தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டன. சார் அடுத்த கேள்விக்குத் தாவினார். அதற்கும் வெறும் ஓடுகள்தான்.

சாயங்காலம் பிள்ளைகளை அழைத்துப் போக வந்த தாய் ஆமையிடம் சார் பொரிந்து தள்ளினார். "ஒருத்தனுக்கும் ஒண்ணும் தெரியல. மரியாதையும் இல்ல. எல்லாரையும் திரும்ப ஒண்ணாம் வகுப்புல போடப் போறேன்!"

"ஐயோ சார், பெரியவங்க கேட்டா உள்ளே போய் நல்லா யோசிச்சுட்டு வந்து சொல்றதுதான் எங்க மரியாதை. வெடுக்குன்னு பதில் சொன்னா வீட்டுல திட்டுவோம். நீங்க கொஞ்சம் நிக்கக் கூடாதா?"

"எவ்வளவு நேரம்மா நிக்கிறது?"

"மீனுக்கு நிக்கிற நேரம் போதும் சார்."

மறுநாள் சார் அதே கேள்வியைக் கேட்டுவிட்டு ஒற்றைக் காலில் நின்றார். மெல்ல மெல்லத் தலைகள் வெளியே வந்தன. ஒன்று, மேகத்திலிருந்து என்றது. இன்னொன்று, நம்ம குளத்திலிருந்துதான் மேகமே போகுது என்றது. கடைசியாகத் தலையை நீட்டிய பொடிசு, "அப்போ குளத்துக்கு முதல் தண்ணி எங்கேருந்து வந்தது சார்?" என்று கேட்டது.

சார் சட்டென்று அலகைத் திறந்தார். மூடினார். பிறகு தலையைச் சிறகுக்குள் செருகிக்கொண்டார்.

"சத்தம் போடாதீங்கடா," என்றது பொடிசு. "சார் உள்ளே போயிருக்கார்."