இலை போட்ட பாட்டில்

மூடியை அவளிடம் நீட்டினார் அந்த மனிதர்.

அதில் பச்சையாய், தரை துடைக்கும் திரவம். அவளே ஊற்றிக் காட்டியது.

"ஒரு சொட்டு நாக்குல வைங்கம்மா. பாத்துட்டு வாங்கிக்கிறேன்."

அவர் கேலி செய்யவில்லை. பக்கத்தில் மனைவி. அவள் இடுப்பில் குழந்தை, கையைச் சப்பிக்கொண்டு.

சூப்பர் மார்க்கெட் வாசலை ஒட்டி ஜோதிமணியின் மேசை. காலையிலிருந்து அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறாள். முழுக்க முழுக்க இயற்கை. வேம்பு, எலுமிச்சை. தவழும் குழந்தை நக்கினாலும் பயமில்லை.

கம்பெனி சொல்லிக்கொடுத்த வரிகள்.

சொல்லி முடிப்பதற்குள் கைகள் நீளும். மற்றதை விட இரண்டு மடங்கு விலை. யாரும் யோசிக்கவில்லை. பாட்டிலின் மேல் இருந்த இலைப் படத்தைப் பார்த்தார்கள், எடுத்துக்கொண்டார்கள்.

நாக்கில் வைத்துக் காட்டு என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

மேசை மேல் கிடந்த டைல்ஸைத் துடைத்துக் காட்டிக் காட்டி, அவள் விரல் நுனிகளில் தோல் உரிந்திருந்தது. கையுறை போட்டால் ஜனங்கள் சந்தேகப்படுவார்கள். போடக் கூடாது.

அவள் மூடியை வாங்கவில்லை.

கூட்டம் சேர்ந்தது.

செல்வின் சிரித்தபடி வந்தான். கம்பெனியின் மேற்பார்வையாளன். என்ன விஷயம் என்று கேட்டான். கேட்டபின் அவளைப் பார்த்தான். சிரிப்பு அப்படியே இருந்தது.

"வச்சுக் காட்டேன், ஜோதிமணி."

அவள் வேலை நிலைப்பதும் போவதும் அவன் சொல்லில் இருந்தது.

"நீங்க வைங்க சார்."

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது.

யாரோ சிரித்தார்கள். ஒருவர் செல்போனை உயர்த்திப் பிடித்தார்.

செல்வின் மூடியை வாங்கினான். அண்ணாந்து ஒரே மடக்கு.

இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினான்.

கைதட்டினார்கள். சற்று நேரத்தில் மேசை காலி.

இன்னொரு பெட்டி எடுத்துவர அவள் பின்கட்டுக்குப் போனாள். வாஷ்பேசினில் குனிந்து நின்றான் செல்வின். குழாயை முழுதாகத் திறந்துவிட்டிருந்தான். அந்தச் சத்தத்தையும் மீறிக் குமட்டல் கேட்டது.

"ஆஸ்பத்திரிக்குப் போயிரலாம் சார்."

அவன் நிமிரவில்லை.

"யாராச்சும் பாத்தாங்களா?"

"இல்ல சார்."

"பெட்டிய எடுத்துட்டுப் போ."

அவள் பெட்டியை எடுக்கவில்லை.

பில் போடும் வரிசையில் அந்தத் தம்பதி நின்றிருந்தார்கள். கூடையில் ஒரு பாட்டில். இன்னொன்று குழந்தையின் கையில். விளையாடக் கொடுத்திருந்தார்கள். அது மூடியை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தது.

அவள் பிடுங்கினாள். குழந்தை வீறிட்டது.

"ஏம்மா, என்ன?" என்றார் அந்த மனிதர்.

அவள் அவர் மனைவியைப் பார்த்தாள்.

"வீட்ல இப்ப எத வச்சுத் தொடைக்கிறீங்க?"

"வெறும் தண்ணிதான்."

"அது போதும்க்கா."

கூடையிலிருந்த பாட்டிலையும் எடுத்துக்கொண்டாள்.

அந்த மனிதர் அவள் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குழந்தையை வாங்கி, அதன் வாயைத் தன் சட்டையால் துடைத்தார். திரும்பத் திரும்பத் துடைத்தார்.

அவர்களுக்குப் பின்னால் நின்றிருந்த பெண்மணி கையை நீட்டினாள்.

"அவங்களுக்கு வேணாம்னா எனக்குக் குடும்மா. அங்க தீந்துபோச்சு."

ஈர முகத்தைத் துடைத்தபடி செல்வின் வந்துகொண்டிருந்தான்.

நீட்டிய கை இறங்கவில்லை.

அவளும் கொடுக்கவில்லை.