கறுப்புத் திரையில் ஒரு பெயர்

கறுப்புத் திரையில் தன் பெயரைப் பார்த்ததும் பொன்னுத்தாய் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள்.

தாலுகா ஆபீஸில் கம்ப்யூட்டர் வேலைக்குச் சேர்ந்து மூன்றே வாரம். இன்று காலை வந்து பார்த்தால் மேலக்கரையூர் குத்தகைப் பதிவு மட்டும் காணோம். யார் என்ன செய்தார்கள் என்று அறிய, நேற்றுத்தான் கற்றுக்கொண்ட history என்ற கட்டளையை அடித்தாள்.

கடைசி வரி rm. அழிக்கும் கட்டளை, அது அவளுக்குத் தெரியும். அதற்கு மேல்வரியில் அவள் இன்னும் படிக்காத ஏதோ ஒரு கட்டளை. அதன் வாலில்தான் அவள் பெயர்.

பதினோரு மணிக்கு விசாரணை. பதிவில் பெயர் இல்லாவிட்டால் நாற்பது குடும்பங்கள் உழுத நிலத்தை விட்டு இறங்க வேண்டியதுதான். அவள் அப்பா வீரையனும் அதில் ஒருவர். முதல் பஸ்ஸிலேயே வந்து வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். பெற்ற மகளே அழித்துவிட்டாள் என்று ஊர் பேசினால் அந்த மனுஷன் தாங்குவாரா?

ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். கேட்டருகே, அந்த நிலத்துக்குச் சொந்தக்காரப் பண்ணையின் காரியஸ்தர் ரெங்கசாமியோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள் சீனியர் கமருன்னிஸா. கரைவேட்டியைத் தூக்கிப் பிடித்தபடி அவர் காரில் ஏறிப் போனார்.

கமருன்னிஸா உள்ளே வந்து கதவைச் சாத்தினாள்.

"என்னடி, பேயப் பார்த்த மாதிரி நிக்கிற?"

"நீங்களாக்கா அழிச்சீங்க?"

"ஆமா. நேத்து நீ போனப்புறம் அந்தாளு வந்து என் சேருக்குப் பின்னாடியே நின்னுக்கிட்டாரு. மேலிடத்து உத்தரவாம். அவரு கண்ணு முன்னாடியே அழிச்சேன்."

"அதுக்கு என் பேரு எதுக்குக்கா? பழிய என் தலையில கட்டவா? தினம் ஒரே டப்பாவுல சோறு தின்னமே!"

பொன்னுத்தாய்க்கு அழுகை பொங்கிவிட்டது. கமருன்னிஸா முந்தானையால் அவள் கன்னத்தைத் துடைத்தாள்.

"நான் என்ன அடிக்கிறேன்னு அந்தாளுக்கு ஒரு எழுத்து புரியுமா?"

"அதனால?"

"உன் பேருல இருக்கிற டைரக்டரியில ஒரு காப்பி எடுத்து வச்சுட்டுத்தான்டி அழிச்சேன்!"