பனிக்குள் வைத்த சேலை

கணவர் இறந்த பிறகு ஒன்பது வருடமாகத் திலகேஸ்வரி வெள்ளைச் சேலைதான் உடுத்தினாள். யாரும் கட்டாயப்படுத்தவில்லை, மாற்றிப் பாருங்கள் என்று சொல்லவும் யாருமில்லை. அன்று கனடாவின் மொன்றியலில் முழங்காலளவு பனி கொட்டிக் கிடந்தது. மருமகள் நிரோதினி படிகார நீரில் ஊறிய தலையணை உறைகளைப் பெரிய தொட்டியொன்றில் பரப்பி, வாளி வாளியாகப் பனியைக் குவித்து, அதன்மேல் மஞ்சளும் சிவப்புச் சாயம் தரும் மஞ்சிட்டி வேர்ப்பொடியும் தூவிக்கொண்டிருந்தாள். பனி உருக உருக நிறம் துணிக்குள் இறங்குமாம்.

திலகேஸ்வரி நெடுநேரம் பார்த்து நின்றாள். பிறகு உள்ளே போய்த் தன் பருத்திச் சேலையொன்றை எடுத்து வந்தாள்.

"இதுக்கும் இடமிருக்கோ, பிள்ளை?"

நிரோதினி நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தாள். "என்ன நிறம் வேணும், மாமி?"

"அது தன்பாட்டில வரட்டும்."

மறுநாள் இருவருமாகச் சேலையை விரித்தார்கள். செம்மஞ்சள் மேகம் மேகமாகப் படர்ந்து, முந்தானையில் மட்டும் நன்றாகச் சிவந்திருந்தது. வெள்ளிக்கிழமை திலகேஸ்வரி அதையே உடுத்திக்கொண்டு கோயிலுக்குப் புறப்பட்டாள்.

"மாமி, கோட்டுப் பொத்தானைப் பூட்டுங்கோ. மைனஸ் பன்னிரண்டு."

"எனக்குக் குளிரேல்லை" என்றாள் திலகேஸ்வரி. பஸ் நிறுத்தம் வரைக்கும் கோட்டை விரியத் திறந்தபடியே நடந்தாள்.