பக்கத்துத் துண்டில் டோரீன்

மழை விட்ட ஏப்ரல் காலை. ஆஷிங்டன் ஊரின் வாடகைத் தோட்டங்கள் மேல் வெயில் தயங்கித் தயங்கி இறங்குகிறது. கத்பர்ட் தன் துண்டு நிலத்தில் மண்வெட்டியை ஊன்றி நிற்கிறார். கண் மட்டும் கம்பி வேலிக்கு அந்தப் பக்கம். முப்பது வருடமாக அவர் துண்டில் ஊர்க் காய்கறிப் போட்டிக்கு வளர்க்கும், பருத்த வெங்காயத்தாள் போன்ற லீக்ஸைத் தவிர ஒரு கேரட்டுக்குக்கூட இடமில்லை. அதனால்தான் அவர் மனைவி டோரீன் பக்கத்துத் துண்டைத் தன் பேரில் எடுத்துவிட்டாள். ஈர மண்ணில் முழங்காலிட்டு, துருப்பிடித்த புகையிலை டப்பாவிலிருந்து விதைகளைப் பொறுக்கி, விரலால் குழி போட்டுப் புதைக்கிறாள். ஒரு ராபின் குருவி தலையைச் சாய்த்து அந்த விரலையே பார்க்கிறது. “என்ன விதைம்மா அது?” என்கிறார் கத்பர்ட், மூன்றாவது தடவையாக. “உங்க உர வாளியில என்ன கலக்குறீங்க? கட்டுன பொண்டாட்டிகிட்டயே வாயத் தொறந்ததில்ல, இப்ப என்னைக் கேக்குறீங்களோ?” கத்பர்ட் இரண்டு பக்கமும் பார்க்கிறார். போட்டிக்காரர்கள் யாரும் இல்லை. வேலிமேல் குனிந்து கிசுகிசுக்கிறார்: “கறுப்பு பீரு. அதுல கருப்பஞ்சாத்துப் பாகு, ஆட்டுப் புழுக்கை. எட்டு நாள் ஊறணும். இப்ப சொல்லு.” டோரீன் டப்பாவைக் காதோரம் வைத்துக் குலுக்குகிறாள். “யாருக்குத் தெரியும்? இந்தத் துண்ட முன்னாடி வச்சிருந்தவரு கொட்டகையில கெடந்துச்சு. என்னன்னு பாக்கத்தானே நடுறேன்.”