தீவில் அரிசிம்பருப்பு

தட்டில் விழுந்தது அரிசிம்பருப்பு.

ராசாத்தாளுக்கு ஒரு நிமிஷம் மூச்சே நின்றுவிட்டது. சுற்றிலும் கடல். தென்னையை விட்டால் வேறு மரத்தைத் தேட வேண்டும். மூன்று வேளையும் மீனும் சோறுமாகச் சாப்பிடுகிற சனம். இங்கே எவள் சின்ன வெங்காயமும் பூண்டும் வதக்கி, சீரகம் தாளித்து, அரிசியையும் துவரம்பருப்பையும் ஒன்றாகப் போட்டு வேகவைக்கப்போகிறாள்?

ஒருத்தி இருக்கிறாள். ராசாத்தாள் பெற்ற மகள் தமயந்தி.

பெரியநாயக்கன்பாளையத்தில் அவர்களுடைய லைன் வீட்டில் வாடகைக்கு இருந்து பாலிடெக்னிக் படித்தவன் அப்துல் நாசர். படிப்பு முடிந்து இந்தத் தீவுக்கு அவன் திரும்பியபோது தமயந்தியும் கூடவே கிளம்பிவிட்டாள். அப்பன்காரர் அப்புசாமி சும்மா இருப்பாரா? பவானி கூடுதுறைக்குப் போய், குத்துக்கல்லாட்டம் உயிரோடு இருக்கிற மகளுக்குக் கருமாதி செய்து, தலைமுழுகிவிட்டு வந்தார். அதற்கப்புறம் அந்த வீட்டில் அவள் பேரைக்கூட யாரும் எடுப்பதில்லை.

பாழாய்ப்போன மனுசன், அவரால்தான் எல்லாம் என்று ராசாத்தாள் கரித்துக்கொட்டாத நாளில்லை. அதுவும் வாய்க்குள்ளேதான்.

இப்போது குருவாயூருக்குப் போவதாக அவரிடம் பொய் சொல்லிவிட்டுக் கொச்சியில் கப்பல் ஏறி வந்திருக்கிறாள். சீசன் முடிந்து, மழை இன்னும் பிடிக்காத வைகாசி. டிக்கெட் பாதி விலை, கப்பலில் பாதிக்கு மேல் காலி. அதைவிடப் பெரிய நிம்மதி, கோயமுத்தூர் முகம் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. வழியெல்லாம் குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி. வந்தால் வரட்டும். ஒரே ஒரு தடவை மகள் வாயால் அம்மா என்று கேட்டுவிட்டால் போதும், அப்புறம் கட்டை சாய்ந்தாலும் கவலையில்லை.

தீவில் கால் வைத்ததும், இறங்கிய ஏழெட்டுப் பேரில் யார் தமிழ் என்று விசாரித்துக்கொண்டு வந்தாள் உம்மல் குல்சும் என்கிற பெரியம்மா. எங்கள் வீட்டில் இன்றைக்குச் சாப்பாடு, தமிழ்நாட்டு ஆள் ஒருவராவது வந்து கை நனைத்தால் மனசு நிறையும் என்று மலையாளமும் தமிழும் கலந்து கெஞ்சினாள். கையைப் பிடித்துக் கூட்டிவந்து, அக்கம்பக்கத்துச் சனத்தோடு முற்றத்துப் பாயில் உட்கார வைத்தாள்.

இப்போதல்லவா புரிகிறது! தீவுக்குள் வர வாங்கிய பெர்மிட்டில் ராசாத்தாளின் பேர் இருக்கிறது. யார் யார் வருகிறார்கள் என்று கப்பலுக்கு முன்பே தீவுக்குத் தகவல் வந்திருக்கும். கழுதை, தெரிந்துகொண்டுதான் மாமியாரை அனுப்பியிருக்கிறாள். அம்மாவுக்கு மீன் வாடையே ஆகாது என்று அரிசிம்பருப்பு ஆக்கியிருக்கிறாள். நெய்க்குப் பதில் தேங்காய் எண்ணெய். அதனால் என்ன குறைந்துபோயிற்று?

ஒரு வாய் அள்ளிப் போட்டாள். கண்ணில் பொலபொலவென்று கொட்டியது. மன்னித்துவிட்டாள், என் சாமி, என்னை மன்னித்துவிட்டாள்.

"இது ஆருங்க ஆக்குனது?" என்று ஒன்றும் தெரியாதவள்போலக் கேட்டாள்.

"என்ட மருமகளாக்கும். இன்னைக்கு அவளோட அம்மா மரிச்ச நாள். வருஷா வருஷம் இந்தச் சோறுதான் போடுவா."

ராசாத்தாள் அள்ளிய அடுத்த வாயைத் தட்டிலேயே போட்டாள்.

பாவம் அந்தப் பெண், என்று உம்மல் குல்சும் சொல்லிக்கொண்டே போனாள். இந்தத் தீவில் வீடென்றால் தாயிடமிருந்து மகளுக்கு வருவதாம். தாய் இல்லாதவளுக்கு நிற்க நிழல் கிடையாதாம். அதனால் அவளுக்குத் தானே தாயாகி, தன் வீட்டிலேயே பங்கு கொடுத்துவிட்டாளாம். கைக்குழந்தையைக் காட்டிவிட்டு வருகிறேன் என்று ஒரு வைகாசியில் ஆசை ஆசையாக ஊருக்குப் போனவள், போன வேகத்தில் திரும்பி வந்து, அம்மா செத்துப்போய்விட்டார்கள் என்றாளாம்.

அந்த வைகாசி ராசாத்தாளுக்கு மறக்குமா?

நல்ல மத்தியானம். அப்புசாமி பவுண்டரிக்குப் போயிருந்தார். வீட்டில் ஈ காக்கை இல்லை. வாசலில் குழந்தை வீறிட்டு அழுதது. சன்னல் வழியாக எட்டிப் பார்த்து, யாரென்று நன்றாகத் தெரிந்துகொண்டு, எதிர்வீட்டுக்காரி பார்த்துவிடப்போகிறாளே என்று உள்தாழ்ப்பாளைப் படக்கென்று போட்டது ராசாத்தாள்தான். அழுகை தெருமுனையைத் தாண்டுகிற வரைக்கும் கதவிலேயே சாய்ந்து நின்றாள். கதவைத் திறக்காதே என்று அன்றைக்கு யாரும் அவளைத் தடுக்கவில்லை.

சமையலறையிலிருந்து தமயந்தி வந்தாள். தலையில் துணி சுற்றியிருந்தாள். கையில் குண்டாவும் கரண்டியும். ஒவ்வொரு தட்டாகப் பரிமாறிக்கொண்டே வந்து ராசாத்தாளின் எதிரே குனிந்தாள்.

முகத்தைப் பார்த்தாள். கரண்டி அப்படியே நின்றது.

கண்ணு என்று கூப்பிட ராசாத்தாள் வாயைத் திறந்தாள்.

அதற்குள் தமயந்தி தட்டில் இன்னொரு கரண்டி போட்டாள்.

"வவுறாரச் சாப்புடுங்க. எங்கம்மாவுக்கு ரொம்பப் புடிச்ச சோறுங்க."

சொல்லிவிட்டு அடுத்த தட்டுக்குப் போனாள்.